கச்சான் காற்று மாதங்களில் வீதிக் கரையைச் செதுக்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீதி போடுகிற, வீதிக் கரை துப்புரவாக்குகிற, வீதி விளக்குப் பூட்டுகிற பொறியியலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், சபை உறுப்பினர்கள், வேலைத்தள மேற்பார்வையாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் களுதாவளைப் பக்கம் தோட்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவன். பகலில் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். விடியலிலும் பின்னேரத்திலும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் பிடிக்கிறேன். எங்கள் வயல் பட்டிருப்புப் பாலம் தாண்டி, வெல்லாவெளிப் பக்கத்து வட்டையில், அதாவது வயல்வெளியில், இருக்கிறது. அதனால் கிழமையில் நாலைந்து நாள் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். போகும்போதும் வரும்போதும் கண் வீதிக் கரையில்தான் நிற்கும். தோட்டக்காரனுக்கும் உயிரியல் வாத்தியாருக்கும் பொதுவான பழக்கம் அது.

வீதி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. மாரியில் சேறு உழக்கி, நோயாளியைத் தோணியில் கடத்திய காலம் படுவான்கரைச் சனத்துக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பால் பொங்கியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த மகிழ்ச்சி எனக்குத் தெரியும். காபட் வீதியில் இருபது நிமிடத்தில் வயலுக்குப் போய்ச் சேருகிறவன் நான். நன்றியோடுதான் எழுதுகிறேன். நான் கேட்பது தாரைப் பற்றியது அல்ல. தாரின் இரு பக்கமும் கிடக்கிற அந்த ஆறேழு அடி நிலத்தைப் பற்றியது.

போன ஆடி மாதம் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்துக்குப் போகும் திருப்பத்தில், வீதியை உயர்த்தக் கொட்டிய கிரவல் மண் ஒரு முழ உயரத்துக்கு மேடாகக் கிடந்தது. பல வருடம் மழையும் வெயிலும் பட்டு இறுகிய மண். அதன் வெயில் படாத பக்கத்தில் பென்சில் போகக்கூடிய அளவில் துளைகள் இருந்தன. பிள்ளைகளைக் கூட்டிவந்து ஒருமுறை எண்ணினேன், நாற்பத்திரண்டு. ஒவ்வொரு துளையும் ஒரு தாய்த் தேனீயின் வீடு. கூட்டமாக வாழாமல் தனித்தனியே மண்ணில் துளைபோட்டுக் குஞ்சு வளர்க்கிற தேனீ அது. வயிற்றில் வெளிர்நீல வளையங்கள் இருக்கும். வகுப்பில் நாங்கள் அதை நீலப்பட்டித் தேனீ என்போம்.

கத்தரிப் பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். ஊதா இதழ்களுக்கு நடுவில் மஞ்சளாகச் சில குழல்கள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். மகரந்தம் அந்தக் குழல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும், வெளியே வர நுனியில் ஒரு ஊசித்துளைதான். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அதை எடுக்கத் தெரியாது. நீலப்பட்டித் தேனீ பூவைக் கீழிருந்து கட்டிப்பிடித்துத் தொங்கும். இறக்கையை மடித்துவைத்து நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிடும். கிட்ட நின்றால் ‘ங்ஈஈ’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அதன் வயிற்றில் மஞ்சள் தூள் உதிரும். இரண்டு செக்கன்தான். காற்றசைவிலும் கத்தரி கொஞ்சம் காய் பிடிக்கும். ஆனால் இந்தத் தேனீ வந்துபோன பூவுக்கும் வராத பூவுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வாளியில் கண்டிருக்கிறேன். தக்காளியும் அப்படித்தான். பெரிய கருவண்டும் இந்த வேலையைச் செய்யும்.

அந்த ஆடியில் ஒரு நாள் காலை மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. யார் அனுப்பியது என்பது இங்கே முக்கியமில்லை, வந்தவர்கள் தங்களுக்குச் சொன்ன வேலையைச் செய்தார்கள். அரை மணித்தியாலத்தில் மேடு போனது, மேட்டுக்குப் பின்னால் நின்ற ஆவாரையும் தகரையும் எருக்கலையும் போயின. கரை பாய் விரித்ததுபோல் மட்டமாகிவிட்டது. பத்து மணிக்கு நான் போனபோது தேனீக்கள் வந்துகொண்டிருந்தன. காலில் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு, துளை இருந்த உயரத்தில், துளை இருந்த இடத்தில், வெறும் காற்றில் நின்று நின்று பார்த்தன. விலகிப் போய் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தன. மத்தியானம் வரை அப்படியே. மூன்றாம் நாள் ஒன்றும் வரவில்லை.

இது ஒரு திருப்பத்தில் நடந்த சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அன்று அப்படித்தான் மனதைத் தேற்றினேன். பிறகு, வீதிக்கும் பூச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வறண்ட நாடுகளில் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடி வாசித்தபோதுதான், நாங்கள் செதுக்கியது என்ன என்று விளங்கியது.

பாலைவனத்து ஆய்வை மட்டக்களப்புக்கு ஏன் இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். நமக்கு மழை உண்டு, குளம் உண்டு, வாவி உண்டு. உண்மைதான். ஆனால் அந்த மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கும்போது, நீர்ப்பாய்ச்சல் இல்லாத மேட்டு நிலத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். புல் வைக்கோலாகிவிடும், மண் வெடிக்கும், மாடு நிழல் தேடும். பழந்தமிழர் பாலையைத் தனியொரு நிலமாக வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்தால் அதுவே பாலை என்றார்கள். அந்தக் கணக்கில் நம் ஊரும் வருடத்தில் மூன்று நாலு மாதம் பாலைதான்.

இனிப் பாலைவனத்துச் செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சிகுவாகுவா பாலைவனம் இருக்கிறது. அங்கே எங்கும் வளரும் ஒரு புதர்ச்செடியை வீதியோரத்திலும் வீதிக்குத் தூரத்திலும் ஒப்பிட்டு 1991இல் ஆய்வு வெளியிட்டார்கள். வீதியோரச் செடிகள் பெரிதாகவும் அடர்த்தியாகவும் இருந்தன, இலையில் நைதரசன் சத்துக் கூடுதலாக இருந்தது, அவற்றில் வாழ்ந்த பூச்சிகளும் கூடுதல். காரணம் எளிது. தார் தண்ணீர் குடிக்காது. அதில் விழுகிற மழையெல்லாம் வழிந்து கரைக்குத்தான் போகும்.

நம் வீதிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மீற்றர் அகலமான வீதி, ஒரு கிலோமீற்றர் நீளம், பத்து மில்லிமீற்றர் மழை. எழுபதாயிரம் லீற்றர் தண்ணீர் இரு கரைக்கும் வழிகிறது. எந்தச் சபையும் இத்தனை தண்ணீரைப் பவுசரில் கொண்டுவந்து செடிகளுக்கு ஊற்றாது. கச்சான் காலத்தில் எப்போதாவது ஒரு பின்னேரம் இடி இடித்துப் பெய்கிற மழையும் இப்படித்தான் கரையில் சேர்கிறது. அதனால்தான் ஆடியில் ஊர் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போதும் வீதிக் கரையில் தகரை பூத்து நிற்கிறது, எருக்கலை இலை தடித்து நிற்கிறது.

பூச்சிகள் அங்கே வந்து குவிவது அதனால்தான். தகரையிலும் ஆவாரையிலும் கொன்றையிலும் முட்டை இடுகிற வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி, எருக்கலையில் முட்டை இடுகிற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி, எருக்கம்பூவுக்கு வருகிற கருவண்டு, இவை எல்லாவற்றுக்கும் அந்த மாதங்களில் வேறு போக்கிடம் குறைவு. எருக்கலையின் நெருங்கிய உறவுச் செடி ஒன்று இந்தியாவின் தார்ப் பாலைவனத்திலும் சகாராவிலும் வளர்கிறது, அங்கேயும் வறண்ட காலத்தில் பூச்சிக்குச் சோறு போடுகிறது. வீதியே உண்டாக்கிக் கொடுத்த பசுமை அது. அதைத்தான் வருடத்தின் மிகக் காய்ந்த மாதத்தில் நாம் வேரோடு செதுக்குகிறோம். ஏன் அந்த மாதம் என்றும் எனக்குத் தெரியும். மாமாங்கத்தில் ஆடி அமாவாசை, கதிர்காமத்துக்கு நடை போகிற சனம், அடுத்தடுத்து ஊர்க் கோயில்களில் கொடியேற்றம். வீதி துப்புரவாக இருக்கவேண்டும் என்று நினைப்பது பக்தியும் மரியாதையும்தான். நானும் அந்த நடையில் போயிருக்கிறேன். வெறுங்காலோடு போகிறவருக்குத் தொட்டாச்சுருங்கியும் நெருஞ்சியும் இல்லாத பாதை வேண்டும். அதற்கு ஓரம் வெட்டினால் போதும், மண்ணைப் பெயர்க்க வேண்டியதில்லை.

மண்ணைப் பெயர்ப்பதும் புல்லை வெட்டுவதும் ஒன்றல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். புல்லு வெட்டுகிற மெஷினால் வெட்டினால் ஒரு மழைக்குத் திரும்பவும் தளிர்க்கும். பெக்கோ வாளியோ கிறேடர் தகடோ பட்டால் மண்ணுக்குள் இருக்கிற குஞ்சுத் தேனீயும் குழியானையும் கறையான் புற்றும் சேர்ந்து போகும், அதன்மேல் உருளை ஓடினால் மண் இறுகி அடுத்த தாய் துளைபோடவும் முடியாது. வறண்ட மண் எவ்வளவு மெதுவாக ஆறும் என்பதற்கு மொஹாவி பாலைவனம் சாட்சி. இரண்டாம் உலகப் போரில், 1942க்கும் 1944க்கும் இடையில், அமெரிக்க இராணுவம் அங்கே தாங்கிகளை ஓட்டிப் பயிற்சி எடுத்தது. அந்தத் தடங்கள் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. நம் மண்ணில் மாரி வந்து கொஞ்சம் ஆற்றிவிடும். ஆனால் வருடாவருடம் செதுக்கினால் ஆறுவதற்கு நாள் எங்கே?

வறண்ட நிலத்தில் பூச்சி இருக்காது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தேனீ இனங்கள் உலகில் மிகக் கூடுதலாக இருப்பது மழைக்காட்டில் அல்ல, வறண்ட நிலங்களில். அமெரிக்க–மெக்சிகோ எல்லையிலுள்ள ஒரு வறண்ட பள்ளத்தாக்கில், வெறும் பதினாறு சதுரக் கிலோமீற்றருக்குள், ஏறத்தாழ 500 தேனீ இனங்களைப் பதிந்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நம் நீலப்பட்டித் தேனீயைப்போல மண்ணில் தனியே துளையிட்டு வாழ்பவை. வெட்டவெளி என்று நாம் சொல்லும் இடம்தான் அவற்றின் ஊர்.

இனி விளக்கு. இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. படுவான்கரையில் யானை வருகிற ஊர்களில் வீதி விளக்கு ஒரு உயிர்க்காவல். இரவில் வயல் காவலுக்குப் போய்வந்த மனிதரை யானை அடித்த ஊரில் நின்றுகொண்டு, பூச்சிக்காக விளக்கை அணையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். குடிமனை உள்ள இடத்தில் விளக்கு இருக்கட்டும், யானை கடக்கிற இடத்திலும் இருக்கட்டும்.

நான் சொல்வது வேறு இடம். வீடும் இல்லாமல், கடவையும் இல்லாமல், இரு பக்கமும் வட்டை மட்டும் கிடக்கிற நீளமான வீதிகளில் வெள்ளை எல்ஈடி விளக்குகள் வரிசையாக எரிகின்றன. கார்த்திகையில் ஒரு மழை விட்ட இரவு அப்படியொரு விளக்கின் கீழ் வண்டியை நிறுத்தினேன். ஈசல் மழையாக விழுந்துகொண்டிருந்தது. தார் முழுக்க இறகு. ஈசலைத் தின்ன வந்த தேரைகள், தேரையின்மேல் ஏறிப்போன சில்லுகள். விளக்குக் கம்பத்தின் அடியில் நெற்பயிரின் உச்சியில் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால், அறக்கொட்டியான் கொத்துக் கொத்தாக. நெல்லைத் தாக்கும் இந்தக் கபில நிறத் தத்திக்கு வெளிச்சத்தில் மோகம் உண்டு என்பது விவசாயப் போதனாசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும், அதை எண்ணிப் பார்க்க விளக்குப் பொறி வைப்பதே அதனால்தான். வீதி விளக்கு எங்கள் வயலின் தலைமாட்டில் விடியவிடிய எரிகிற பொறி, ஆனால் பிடிபட்டதை அள்ளி அழிக்க அங்கே யாரும் இல்லை. காலையில் பூச்சி எண்ணெய் அடிக்கிற செலவு கமக்காரனுடையது.

தென் இங்கிலாந்தில் வீதி விளக்கு உள்ள ஓரங்களையும் இல்லாத ஓரங்களையும் ஒப்பிட்டு 2021இல் ஒரு ஆய்வு வந்தது. விளக்கு வெளிச்சம் பட்ட வேலிப் புதர்களில் அந்துப்பூச்சிகளின் புழுக்கள் 47 வீதம் குறைவு, புல் கரைகளில் 33 வீதம் குறைவு. பழைய மஞ்சள் சோடியம் விளக்கைவிட வெள்ளை எல்ஈடியின் பாதிப்புத்தான் கூடுதலாக இருந்தது. தென்னாபிரிக்காவின் வறண்ட நிலத்தில் சாணியை உருண்டையாக்கித் தள்ளிக்கொண்டு போகிற வண்டு ஒன்று இருக்கிறது. நிலவில்லாத இரவில் அது பால்வீதியின் வெளிச்சப் பட்டையைப் பார்த்து நேராக நடக்கிறது என்று 2013இல் காட்டினார்கள். நம் ஊர்ச் சாணி வண்டு எதைப் பார்த்து நடக்கிறது என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் வானத்தை நம்பி நடக்கிற உயிர்கள் உண்டு என்று தெரிந்த பிறகு, விளக்குப் பூட்டும்போது ஒரு கணம் மேலே பார்க்கலாம் அல்லவா.

ஆகவே வட்டை நடுவே போகிற வீதிகளில் விளக்கின் தலை கீழ்நோக்கி இருக்கட்டும், வெளிச்சம் தாரில் விழட்டும், நெல்லில் விழவேண்டாம். வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் சாயல் உள்ள எல்ஈடி வாங்குங்கள். கொள்வனவுக் கடதாசியில் நிறத்துக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். பூச்சி அதற்குக் குறைவாகத்தான் வரும்.

தாரையே பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், அதற்கு உங்களிடம் பரிகாரம் கேட்கவில்லை. மாரி தொடங்குகிற நாட்களில் தும்பிகள் கூட்டமாக வரும், மஞ்சள் உடம்புத் தும்பி. கடல் கடந்து ஆபிரிக்கா வரை போகிற இனம் அது. மழையில் தேங்குகிற குட்டைகளில் முட்டை இடும். புதிதாகக் காபட் போட்ட வீதியின்மேல் அது தாழப் பறந்து, வாலால் தாரைத் தொட்டுத் தொட்டு எழும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் என்று நினைத்து முட்டை இடுகிறது. கறுத்துப் பளபளக்கிற தார், தண்ணீரைப்போலவே ஒளியை ஒரே தளத்தில் அதிரவைத்துத் திருப்பி அனுப்புகிறது. நீர்ப்பூச்சிகள் அந்த ஒளியைத்தான் தேடுகின்றன. ஹங்கேரியில் ஆற்றோர வீதியில் மேப்பூச்சிகள் இப்படி ஏமாந்து காய்ந்த தாரில் முட்டைகளைக் கொட்டியதை 1998இலேயே விளக்கியிருக்கிறார்கள். தாரை மாற்றச் சொல்ல முடியாது. ஆனால் வீதி ஓரத்துக் குழிகளையும் சிறு குட்டைகளையும் கிரவல் போட்டு மூடுகிறபோது, வெள்ளம் தாங்கும் இடம் போகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், தும்பிக்கு மிஞ்சியிருந்த மெய்யான தண்ணீரும் போகிறது. தும்பி நுளம்பைத் தின்கிறது. டெங்குக் காலத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயல்காரன் என்ற முறையில் இன்னொரு கணக்கு. சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நெல்வயலின் ஓரங்களில் பூச்செடிகளை நட்டுப் பார்த்தார்கள். பூவுக்கு வந்த குளவிகளும் மற்றப் பூச்சிகளும் நெல்லைத் தாக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தின. பூச்சிமருந்து அடிக்கிற தடவை 70 வீதம் குறைந்தது, விளைச்சல் 5 வீதம் கூடியது. 2016இல் வெளியான முடிவு இது. அங்கே காசு செலவழித்து நட்டார்கள். நமக்கோ வட்டைக்கும் வீதிக்கும் நடுவில் நடாமலே முளைக்கிறது, வெட்டாமல் விட்டால் போதும். வெட்டுவதற்குக் கொடுக்கிற டீசலும் சம்பளமும் மிச்சம்.

முழுவதையும் காடாக விடச் சொல்லவில்லை. வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியவேண்டும், பாம்புக்குப் பயந்து பிள்ளைகள் தார் நடுவே நடக்கக்கூடாது. தார் விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் எப்போதும் வெட்டுங்கள், வளைவுகளிலும் பாடசாலை வாசல்களிலும் முழுக்க வெட்டுங்கள். மிச்சக் கரையை மாசியில், வேளாண்மை வெட்டுக் காலத்தில், மெஷினால் ஒருமுறை வெட்டினால் போதும். அப்போது விதை உதிர்ந்திருக்கும். ஒரு வருடம் கிழக்குப் பக்கம், மறு வருடம் மேற்குப் பக்கம் என்று மாற்றி வெட்டினால் இன்னும் நல்லது, ஒரு பக்கத்தில் இருந்ததுக்கு மற்றப் பக்கம் புகலிடமாகும். களைநாசினி மட்டும் வேண்டாம், தீ வைப்பதும் வேண்டாம். பார்த்தீனியம் கண்டால் பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள், அதற்குப் பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், நானே கூட்டிவருவேன்.

பொத்துவில் தாண்டிப் பாணமை, உகந்தைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மணலும் பற்றைக்காடுமான அந்த நிலம்தான் கிழக்கில் பாலைக்கு மிகக் கிட்ட நிற்பது. அங்கே பாதையோர மணலில் புனல்போலக் குழிதோண்டி எறும்புக்குக் காத்திருக்கும் குழியானையைப் பாட்டன்மார் பேரன்மாருக்குக் காட்டிக்கொண்டு நடப்பார்கள். வண்டி திருப்பவும் கல் இறக்கவும் இடம் தேவைப்படும்போது, ஏற்கெனவே வெட்டைவெளியான இடத்தையே திரும்பத் திரும்பப் பாவியுங்கள். புதுப்புது இடமாக மிதிக்கவேண்டாம்.

ஏ, பி தர வீதிகள் ஒருவரிடம், சி, டி தரம் மாகாணத்திடம், உள்வீதியும் விளக்கும் சபைகளிடம் என்று பொறுப்புகள் பிரிந்து கிடக்கின்றன. பூச்சிக்கு அந்த எல்லை தெரியாது என்பதால் எல்லோருக்கும் ஒரே மடலாக எழுதியிருக்கிறேன்.

போன மாரிக்குப் பிறகு எங்கள் திருப்பத்தில் மழை கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து ஒதுக்கியிருக்கிறது. முழம் இல்லை, ஒரு சாண் உயரம்தான். பங்குனியில் அதில் ஆறு துளைகள் இருந்தன. என் மாணவிகள் இருவர் அதன் இரண்டு பக்கமும் கிளிசெறியாக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். ஆடிக்கு முன் அந்தப் பக்கம் பெக்கோ வருமானால், சாரதித் தம்பியிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்: சிவப்புத் துணி கண்ட இடத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு அடி தள்ளி இறக்கட்டும்.

அன்புடன்,
களுதாவளைப் பக்கத்துத் தோட்டக்காரன்,
உயிரியல் ஆசிரியன்.